நடுப்பக்கத்தில் இருப்பவர்கள்

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைப்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் கூட்டத்துக்குப் பெயரோ தலைவரோ கிடையாது. பொன்னாடை போர்த்தும் வழக்கம் இல்லவே இல்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகு அரைத்த சம்மந்தியும் கட்டன்சாயாவும் மட்டும் தவறாமல் இருக்கும். வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்ததும் டீச்சர் ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விகளைக் கேட்பார். "இப்போ என்ன வாசிக்கிறிய? பிடிச்சிருக்கா?" அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விதி உண்டு. படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. இன்னும் பக்கம் மீதமிருக்கும் புத்தகத்தை மட்டுமே கொண்டுவர வேண்டும்.

இந்த விதி முதலில் இருக்கவில்லை. தொடக்கத்தில் யார் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசினோம். அப்படி ஒரு மாதம் நாகர்கோவிலிலிருந்து வந்த ஒருவர், தாம் படித்து முடித்த ஒரு நாவலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கதைச் சுருக்கம், பெற்ற விருது, தமிழ் இலக்கியத்தில் அதன் இடம் என்று எல்லாம் சரியாகவே சொன்னார். அவர் முடித்தபோது எங்களில் ஒருவருக்கும் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் புத்தகத்தை இனி வாசிக்க வேண்டிய தேவையும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கிழங்கு ஆறிப்போனதுதான் மிச்சம். அடுத்த மாதம் டீச்சர் இந்த விதியைச் சொன்னபோது ஏதோ விளையாட்டு என்றே நினைத்தேன். ஆனால், ஒரு புத்தகத்தின் நடுவில் இருக்கும் மனிதர் அதைப் பற்றிப் பேசுவதற்கும், முடித்துவிட்டுப் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை மூன்று ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். முடித்தவர் புத்தகத்தைத் தள்ளி நின்று அளக்கிறார். நடுவில் இருப்பவரோ இன்னும் அந்த வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கிறார். எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று அவருக்கே தெரியாததால், நம்மையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. எங்கள் கூட்டத்துக்கு வரும், ரப்பர் பால் வெட்டும் வெட்டுக்கார அண்ணனை அந்தக் கடையில்தான் எனக்குப் பழக்கம். ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடை போட வருபவர், ஒரு நாள் என் மேசையில் இருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். விடியற்காலை மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கி, வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, பால் எடுத்து, அமிலம் சேர்த்து உறைய வைத்துவிட்டு வீடு திரும்பும் மனிதர் அவர். பகலில் தூங்கி எழுந்தபின் கிடைக்கும் நேரத்தில்தான் வாசிப்பார். மழை பெய்தால் வெட்டு இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது என்பதால், கூலி போன நாட்கள் எல்லாம் வாசிப்பு நாட்களாகின்றன என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் உண்டு.

அவர் இப்போது வாசிப்பது ஜெயமோகனின் ‘ரப்பர்’. 1990இல் வெளிவந்த நாவல் அது. கிளை நூலகத்தில் பெயரைப் பார்த்ததும், தொழில் பற்றிய புத்தகம் என்று நினைத்தே எடுத்திருக்கிறார். திறந்து பார்த்தால் பெருவட்டர் குடும்பத்தின் கதை. ஏமாந்துபோனதாக எண்ணி மூடி வைத்துவிட்டு, மறுநாள் மழை பிடித்துக்கொண்டதால் வேறு வழியின்றி மீண்டும் எடுத்திருக்கிறார். இப்போது கெடு முடிந்து இரண்டாம் முறை புதுப்பித்திருக்கிறார். காரணம் கேட்டால், வேகமாக வாசிக்க மனம் வரவில்லை என்கிறார். மரத்தில் பட்டையைச் சீவும்போது கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டுவிடும், அதனால் கை தானாகவே நிதானமாகிவிடும்; அந்தக் கைப்பழக்கம் புத்தகத்துக்கும் வந்துவிட்டதாம். இந்த மண்ணில் ரப்பருக்கு முன்னால் என்ன நின்றது என்று தம் வாழ்நாளில் ஒருமுறைகூட யோசித்ததில்லை என்றும், இப்போது காலையில் ஒவ்வொரு மரத்தின் அடியில் குனியும்போதும் அந்த யோசனை வருகிறது என்றும் போன மாதம் சொன்னார். இதைவிட நல்ல விமர்சனம் அந்த நாவலுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. அவரோ அதை விமர்சனமாகச் சொல்லவில்லை. பாதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தமக்கு நடப்பதைச் சொன்னார்.

இரணியலுக்கு வாக்கப்பட்டு வந்த சேலத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். புகுந்த வீட்டுக்காரர்கள் பேசுவது முதல் ஆறு மாதம் தனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது என்று அவளே சொல்வாள். அந்த ஊரையே களமாகக் கொண்டு நீல பத்மநாபன் எழுதி 1968இல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ நாவலை டீச்சர் அவள் கையில் கொடுத்தபோது, அது வாசிப்புக்காகவா அல்லது மொழிப் பயிற்சிக்காகவா என்று எங்களுக்குப் புரியவில்லை. வட்டார வழக்கிலேயே ஓடும் அந்த நாவலில், பக்கத்துக்குப் பத்துச் சொற்களைப் பென்சிலால் கோடிட்டு, மாமியாரிடம் பொருள் கேட்டிருக்கிறாள். சொல்லைத் தனியாகச் சொன்னால் மாமியாருக்குப் பிடிபடவில்லை. வாக்கியத்தோடு சொல் என்றிருக்கிறார். வாக்கியத்தைச் சொன்னால், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். கடைசியில் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் மருமகள் வாசிக்க, மாமியார் கேட்பது என்று ஆகிவிட்டது. உண்ணாமலை ஆச்சியின் பேச்சு வரும் இடங்களில் மருமகளின் உச்சரிப்பைத் திருத்தி, எங்கே இழுக்க வேண்டும், எங்கே முறிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்கிறாராம்.

பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட அந்த மாமியாரே இப்போது உண்மையான வாசகர் என்று மருமகள் குறைபட்டுக்கொள்கிறாள். ஒரு நாள் தலைவலி என்று படுத்திருந்தவளை எழுப்பி, "நாகுவுக்க காரியம் என்ன ஆச்சுண்ணு மட்டும் வாசிச்சிட்டுக் கெடந்துக்கோ மக்ளே" என்றிருக்கிறார். விதிப்படி புத்தகத்தின் நடுவில் இருப்பவர்தான் கூட்டத்துக்கு வர வேண்டும் என்றால், அடுத்த மாதம் அவரையே அழைத்துவர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் கல்லூரி மாணவன் எல்லாவற்றையும் அலைபேசியிலேயே வாசிப்பவன். அவன் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் இருக்கிறான். 1966இல் நூலாக வந்த அந்த நாவலில், ஊரின் நாற்சந்தியில் நிற்கும் புளியமரத்தைச் சுற்றியே எல்லாம் நடக்கும். தாமோதர ஆசான் என்ற பாத்திரம் கதை சொல்லும் பகுதிகளைப் பற்றி அவன் பேசத் தொடங்கியதும், எங்கள் கூட்டத்தில் இருக்கும் வர்ம வைத்தியர் ஆசான் தம்மைத்தான் ஏதோ சொல்கிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தது தனிக்கதை. அந்த மரம் நின்ற இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இவன் ஒரு சனிக்கிழமை நாகர்கோவிலுக்குப் போய், வேப்பமூடு சந்திப்பில் ஒரு பழக்கடைக்காரரிடம், இங்கே முன்பு பெரிய புளியமரம் நின்றதா என்று விசாரித்திருக்கிறான். அவர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது வேப்பமூடு மக்கா, புளியமூடு இல்ல" என்று சொல்லிவிட்டு மட்டிக் குலையைத் திருப்பிப் போட்டாராம்.

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி நின்றது. நம் மாவட்டத்தில் இருந்து எழுதியவர்கள் இத்தனை பேர் இருப்பதால், இங்கே வாசிப்பவர்களுக்கு ஒரு விசேஷமான சுகமும் அதே அளவுக்கு ஒரு தொல்லையும் உண்டு. தெருவைத் தெரியும், குளத்தைத் தெரியும், பேச்சைத் தெரியும். அதனால் சரிபார்க்கத் தொடங்கிவிடுகிறோம். அது அந்தக் கடைதானே, இவர் அந்த வீட்டுக்காரர்தானே என்று கண்டுபிடிப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடுகிறது. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் வாசகர் மரத்தை மனத்துக்குள் நட்டுக்கொள்கிறார். நாம் பேருந்து ஏறிப் போய்த் தேடுகிறோம். இருந்தாலும், தேடிப் போனதில் அந்தப் பையனுக்கு ஒரு லாபம் கிடைத்தது. காற்றாடி மரத் தோப்பு அழிக்கப்பட்டுப் பூங்காவாகும் பகுதியை, வேப்பமூட்டுப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தே வாசித்தேன் என்று சொன்னான். மரமில்லாவிட்டாலும் அந்தப் பிற்பகல் அவனுடையதுதான்.

நான் செய்த ஒரு மோசடியையும் இங்கே எழுதிவிடுகிறேன். விதி வந்த முதல் ஆண்டில், கூட்டத்துக்கு ஜெயமோகனின் ‘விஷ்ணுபுர’த்தைத் தூக்கிக்கொண்டு போனேன். 1997இல் வந்த, எண்ணூறு பக்கத்துக்கும் மேற்பட்ட நாவல். என் கைப்பையில் அது இருந்தாலே எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டதுபோல இருந்தது. உண்மையில் எண்பதாவது பக்கத்தைத் தாண்டவில்லை. நூலின் குறை அல்ல. அந்த நேரத்தில் கடையில் வருடக் கணக்கு முடிக்கும் நெருக்கடி, இரவில் கண் செருகிவிடும். ஆனால் மூன்று கூட்டங்களில், வாசித்துக்கொண்டிருக்கிறேன், பிடித்திருக்கிறது, பிரம்மாண்டம் என்று சொல்லிச் சமாளித்தேன். நான்காவது முறை டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி, "பஸ் டிக்கெட்டு அங்கதான இருக்கு" என்றார். குலசேகரம் – தக்கலைப் பயணச்சீட்டைத்தான் நான் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். அதன் தேதியையும் அவர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் திட்டவில்லை. உள்ளே போய் மெல்லிய ஒரு புத்தகத்தை எடுத்துவந்து கையில் வைத்தார். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வெளிவந்தது. பனைவிளை என்ற கிராமமும், பெயரில் மட்டுமே புதுமை மிஞ்சியிருக்கும் ஒரு பழைய வீடும், அதற்குள் வளரும் லிஸியும். அன்று இரவே முப்பது பக்கம் போனேன். என்னைப் பிடித்து நிறுத்தியது எது என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. கதை பெரிய ஆரவாரமில்லாமல் போகிறது. ஆனால் வயதுக்கு வந்தபின் லிஸி வீட்டுக்குள் அடைக்கப்படுவதை அந்த ஆசிரியர் சொல்லும் விதத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. குரலை உயர்த்தாததுதான் எனக்கு வலித்தது. பனையேறியின் மகன் தங்கராஜ் வரும் இடத்துக்குப் பின் நான் கடையில் பில் போடும்போதுகூட மேசை இழுப்பறையில் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தேன். அடுத்த கூட்டத்தில் பேச எனக்கு இரண்டு நிமிடம் போதவில்லை. ‘விஷ்ணுபுர’த்துக்கு ஒருநாள் திரும்புவேன், பயணச்சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கூச்சம் என்னிடம் மட்டும் இருக்கவில்லை. அழகுநிலையம் நடத்தும் ஒரு பெண் முதல் மூன்று மாதங்கள் வாயே திறக்கவில்லை. தான் வாசிப்பது மாத நாவல்கள் மட்டுமே என்பதால் இங்கே சொல்லத் தகுதியில்லை என்று எண்ணியிருக்கிறாள். கட்டாயப்படுத்திப் பேச வைத்தபோது, கதாநாயகிக்கும் மாமியாருக்கும் இடையே ஒரு புடவையை வைத்து நடக்கும் சண்டையை அவள் சொன்ன அழகில், வெட்டுக்கார அண்ணனே அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவர் முகத்தைச் சுளித்ததையும் நான் பார்த்தேன். அவர் பெரும்பாலும் தாம் வாசிக்கப்போகும் புத்தகங்களைப் பற்றியே பேசுபவர்.

மறுவாசிப்பு கணக்கில் சேருமா என்று ஒருமுறை பெரிய விவாதம் நடந்தது. கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’த்தைப் பத்தாவது முறையாக வாசிக்கும் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் அலுவலக ஊழியர் ஒருவர்தான் காரணம். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனான மருமகனுக்குப் போகும் முறையில், குடும்பத் தலைவரான ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் பாட்டைத் தானே சொல்லிப் புலம்பும் கிண்டல் காவியம் அது. பட்டா, பாகப்பிரிவினை என்று வாழ்நாள் முழுவதும் கோப்பு பார்த்தவர் அதை வாசித்து வாசித்துச் சிரிப்பதில் வியப்பில்லை. 1926இல் அந்த முறையைச் சட்டம் நீக்கியபின்னும் வழக்குகள் எப்படி இழுபட்டன என்று அவர் தொடங்கினால் கட்டன்சாயா இரண்டு சுற்று வர வேண்டும். முடித்த புத்தகம்தானே என்று நாங்கள் ஆட்சேபித்தோம். திரும்பத் தொடங்கிய நிமிடமே அது முடியாத புத்தகம் ஆகிவிட்டது என்று அவர் வாதாடினார். தீர்ப்பு அவர் பக்கம் போனது.

இனி ‘செம்மீன்’. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் இடையில் வந்து சேர்ந்தவை.

எங்கள் ஆசானுக்கு எழுபத்தொன்பது வயது. விளவங்கோடு தாலுகாவில், மலையாளப் பள்ளிக்கூடத்தில் எழுத்து படித்தவர். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவர் நான்காம் வகுப்பு. தகழியின் ‘செம்மீன்’ மலையாளத்தில் வெளிவந்ததும் அதே 1956இல்தான். அந்த நூல் வந்த ஆண்டில்தான் தமக்கு மொழி மாறியது என்று அவர் அடிக்கடி சொல்வார். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். சுந்தர ராமசாமியே பதினெட்டு வயதுக்கு மேல்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார் என்று டீச்சர் சொன்ன அன்று, ஆசானின் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்க்க வேண்டும். அந்தச் சுந்தர ராமசாமி தமிழில் பெயர்த்த ‘செம்மீனை’ எங்களில் ஒருத்தி வாசிக்கத் தொடங்கியதும், ஆசான் தம் பழைய மலையாளப் பிரதியைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் தமிழில் ஒரு பத்தி வாசிப்பாள். அவர் மலையாளத்தில் அதே பத்தியை வாசிப்பார். இரண்டும் புரிகிற எங்களுக்கு அந்தப் பத்து நிமிடம் திருவிழா.

வாசிப்பவள் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பாவும் அண்ணனும் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் அவன் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கை அந்த நாவலின் முதுகெலும்பு. அந்த இடம் வந்ததும் அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டாள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டாள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் என்ன பிழை செய்தார்கள் என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஆசான் தம் பிரதியை மூடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு கோபம் இருந்தால் இந்தப் புத்தகம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து, வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிடிக்கவில்லை என்று யார் சொன்னது என்றாள். நாயகி கறுத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சு பணம் சேர்க்கும் வெறியும், வள்ளம் வாங்கியபின் அவன் நடையும் தன் ஊரில் தான் பார்த்தவை என்றாள். கறுத்தம்மாவோடு அவளுக்குச் சண்டை இருக்கிறது, அந்தச் சண்டையை முடிக்காமல் புத்தகத்தை எப்படி விடுவது என்றும் கேட்டாள். ஒரு புத்தகத்தோடு உடன்படாமலே அதில் மூழ்கிக் கிடக்க முடியும் என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

எங்களில் பெரும்பாலானோர் படத்தைப் பார்த்தவர்கள், முடிவு தெரியும். அவள் பார்த்ததில்லை. மூன்று மாதமாக நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறோம். ஆசான்தான் பெரும் அபாயம். இரண்டு முறை அவர் வாயில் கிழங்கைத் திணித்துக் காப்பாற்றியிருக்கிறோம். போன கூட்டத்தில் அவள் கையில் இருந்த புத்தகத்தில் மீதி இருபது பக்கம்கூட இல்லை. அப்போதுதான் சிக்கல் எங்களுக்கு உறைத்தது. அடுத்த மாதத்துக்குள் அவள் முடித்துவிடுவாள். முடித்தால் விதிப்படி அவள் அதைப் பற்றிப் பேச முடியாது. அந்த முடிவைப் பற்றி அவள் என்ன சொல்வாள் என்பதைக் கேட்கத்தானே நாங்கள் இத்தனை நாள் காத்திருக்கிறோம்? விதியைத் தளர்த்தலாம் என்று ஒருவர் சொன்னார். டீச்சர் சற்று யோசித்துவிட்டு, "கடைசி ரெண்டு பக்கத்த வாசிக்காம வச்சிட்டு வா. இங்க இருந்து எங்க முன்னால வாசி" என்றார். அவளும் தலையாட்டினாள்.

கூட்டத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நேற்று மாலை கடையில் எடை நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "அக்கா, பழனியை எவனும் வள்ளத்தில ஏத்த மாட்டேங்கான். தனியாக் கடலுக்குப் போயிட்டான்" என்றாள். பழனி கறுத்தம்மாவின் கணவன். அவள் குரலில் பதற்றம் இருந்தது. அதற்கு மேல் வாசித்தாயா என்று கேட்டேன். இல்லை, இரண்டு பக்கம்தான் பாக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன் என்றாள். பிறகு சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, அவன் திரும்பி வருவானா என்று மட்டும் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். கடையில் ஆள் நிற்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி நான் தொடர்பைத் துண்டித்தேன். கடையில் யாரும் இல்லை.